அக்கா ஏறினால் நிற்கிற கார்

போன வெள்ளிக்கிழமை காலையில், பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போகிற டவுன் பஸ் ஒன்றின் பின்னாலேயே பால்கோவா நிறத்தில் ஒரு சின்னக் கார் ஊர்ந்து போனதை யாராவது பார்த்தீர்களா? பஸ் நின்றால் நின்று, பஸ் கிளம்பினால் கிளம்பி... முந்திப் போக இடம் இருந்தும் முந்தாமல்... பின்னால் வந்த தக்காளி லாரிக்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்து போனார். கடைசியில் பக்கத்தில் வந்து தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, பஸ்ஸு கட்டி இழுத்துக்கிட்டுப் போவுதா உங்களை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அது நான்தான்.

காரில் நான் ஒருத்தன் மட்டும். பஸ்ஸில் என் அக்கா.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பாதியில் சிரிக்கலாம், தப்பில்லை. அதற்கப்புறம் எனக்கே சிரிப்பு வரவில்லை.

கார் வாங்கி இரண்டு மாசம் ஆகிறது. புதுசு இல்லை. என்னைவிடக் கொஞ்சம்தான் இளசு. கம்பெனிப் பேர் எதற்கு? வட்ட ஹெட்லைட், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், கதவுக் கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாய் ஒரு குட்டிக் கண்ணாடி — இவ்வளவு சொன்னாலே பழைய ஆட்களுக்குப் புரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதற்கு "டாக்டர் கார்" என்றுதான் பேர். அந்தக் காலத்தில் டாக்டர்கள்தான் வைத்திருந்தார்கள். எனக்கு வந்ததும் சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் இருந்துதான்.

காரைப் பார்த்ததும் எங்கள் வீட்டம்மா சொன்ன முதல் வார்த்தை: "வேலியில போன ஓணானை எடுத்து மடியில வுட்டுக்கிட்டீங்க."

ஆசைக்கு வாங்கினான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாதி நிஜம். மீதிப் பாதி, காவேரி அக்கா.

என் கூடப் பிறந்த அக்கா. அறுபத்தி நாலு வயசு. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகன், ஓசூரில் கம்பெனி வேலை. மாசத்துக்கு ஒரு ஞாயிறு வந்து போவான். அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. ஆனதும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், தருமபுரிக்கு வந்து பிசியோதெரபி எடுத்தே ஆக வேண்டும். "இந்த ரெண்டு மூணு மாசத்துல கால் மடங்கலைன்னா, அப்புறம் மடங்கவே மடங்காதும்மா."

பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் பஸ்ஸின் முதல் படி இருக்கிறதே... அதை யார் அளவெடுத்து வைத்தார்கள்? நல்ல கால் இருக்கிறவனே ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சாமியைக் கும்பிட்டு ஏற வேண்டிய உயரம்.

டாக்டர் காரில் கியர் நடுவில் கிடையாது. முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம். காலை மடக்காமல் நீட்டி உட்காரலாம். அந்த ஒரு காரணத்தைச் சொல்லித்தான் வீட்டம்மாவின் வாயை அடைத்தேன்.

வண்டி வந்த அன்று வாசலில் பூஜை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பானட்டில் சந்தனம், குங்குமம். சுற்றிப் போடப் பூசணிக்காய். தெருவே வந்து நின்றது. அக்கா மட்டும் எங்கள் வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"வாக்கா, முன்னால வந்து நில்லு" என்றேன்.

"நீங்க சுத்திப் போட்டு முடிங்க. நான் அப்புறமா பாத்துக்கறேன்."

நான் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய காரோடு பழகுவது என்பது நாற்பது வயசுக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி. அதற்கென்று ஏற்கெனவே பழக்க வழக்கங்கள் உண்டு. அது மாறாது, நாம்தான் வளைய வேண்டும்.

டிரைவர் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினால் சாத்தாது. கைப்பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் போடுகிற மாதிரி லேசாகத் தூக்கி வைக்க வேண்டும். ரிவர்ஸ் கியர் நேராக விழாது. மூணாவது கியரை ஒரு தடவை தொட்டு மரியாதை பண்ணிவிட்டு வந்தால்தான் விழும். பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும். நிரப்பினாலும் பாதி, காலியானாலும் பாதி. இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒடித்தேன்... பாம்ம்! நாலு பேர் திரும்பி வணக்கம் வைத்தார்கள். நானும் வைத்தேன். வேறு என்ன செய்ய?

இதையெல்லாம் எனக்குப் பழக்கிவிட்டது மெக்கானிக் நஞ்சப்பன். பாலக்கோட்டில் இந்த மாதிரி வண்டிக்குக் கை வைக்கத் தெரிந்த ஒரே ஆள். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். போல்ட் கழலவில்லை என்றால் காரைக் கன்னடத்தில்தான் திட்டுவார்.

"ஏங்க கன்னடத்துல?" என்று கேட்டேன்.

"தமிழ்ல திட்டுனா ஓனருக்குக் கோவம் வருதுங்க."

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முக்கியமான பாடம், சோக். டேஷ்போர்டுக்கு அடியில் வெளியே இழுக்கிற மாதிரி ஒரு கறுப்புக் குமிழ். காலையில் என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது அதை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும். வண்டி உறுமி நிதானத்துக்கு வந்ததும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தால்? பெட்ரோலைக் குடித்துக் குடித்துக் கறுப்பாகப் புகை கக்கி, விக்கிக்கொண்டு நின்றுவிடும்.

எங்கள் பக்கத்தில் "சோக்கு" என்றால் பகட்டு என்று அர்த்தம். நஞ்சப்பன் அதையும் விடவில்லை. "வண்டிக்கும் சரி, மனுசனுக்கும் சரிங்க... சோக்கு அதிகமானா பொகைதான்."

நான் ஒருநாளும் மறந்ததில்லை. இழு, ஸ்டார்ட், தள்ளு. பல் தேய்க்கிற மாதிரிப் பழகிவிட்டது.

முதல் ஒரு மாசம் வண்டி தங்கம். வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு இண்டூரில் இருக்கிற மகள் வீட்டுக்கு மூன்று தடவை போய் வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. "ஓணானு நல்லாத்தான் ஓடுது" என்று வீட்டம்மாவே ஒத்துக்கொண்டாள்.

அப்புறம், ஆபரேஷன் புண் ஆறி, அக்கா பிசியோதெரபிக்குப் போகிற முதல் செவ்வாய் வந்தது.

காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். முன் சீட்டில் உட்கார்ந்து, காலை மெதுவாக நீட்டி, "அட... நம்ம வூட்டு பெஞ்சுல குந்தன மாதிரியே இருக்குதுடா தம்பி!" என்றாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். கையில் மஞ்சப்பை. அதில் ஆஸ்பத்திரி ஃபைல், துண்டு, ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், மதியத்துக்குப் புளிசோறு டப்பா. மடியில் வைத்தால் முழங்கால் வலிக்கும். கீழே வைக்க மனசு வராது. "சோத்தைப் போயி கால்மாட்டுல போடறதா?" ஆகவே பையை முன்னால் வாகாக மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தாள்.

பத்து கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி இருமியது. பின்னால் கறுப்பாய்ப் புகை. இன்னும் நாலு இருமல்... நின்றுவிட்டது.

எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை. பிசியோதெரபிக்கு நேரமாகிறது. அந்த வழியாக வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, நானும் கண்டக்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அக்காவை ஏற்றினோம். பஸ் போனதும், டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போனவர்கள் இறங்கித் தள்ளிக் கொடுத்தார்கள். வண்டி புறப்பட்டது. வீடு வரை ஒரு குறையும் இல்லை.

"செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க? மொதமொதல்ல செவ்வாக்கெழமையா பாத்து எடுப்பாங்க?" என்றாள் வீட்டம்மா. சரி, கிழமை மேல் பழி.

வெள்ளிக்கிழமை. அதே மாதிரி எட்டு மணி. அதே பெஞ்சு. கிட்டத்தட்ட அதே இடம். இருமல், புகை, நிற்றல். அதே மாதிரி அக்கா பஸ்ஸில். அதே மாதிரி நான் தள்ளுவண்டியில்.

நஞ்சப்பன் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக் மாற்றினார். டேங்கைக் காலி பண்ணித் தூசி பார்த்தார். பெட்ரோல் பம்ப் சூடாகிறதோ என்று ஈரத்துணி சுற்றினார். ஓட்டிப் பார்த்தோம். ஓசூர் ரோட்டில் போய்த் திரும்பினோம். பூனைக்குட்டி மாதிரி வந்தது.

நஞ்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வண்டியில ஒண்ணும் இல்லீங்க. யாரு குந்துனா நிக்குது?"

"எங்க அக்கா."

"வூட்டுக்காரம்மா குந்துனா?"

"நிக்கலை."

துணியை மடித்துத் தோளில் போட்டார். "அக்காவுக்கு... மாமா இருக்காருங்களா?"

"இல்லை."

"ஓகோ" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்த கயிறு கொண்டு வந்தார். "எதுக்கும் இதை முன்னால கட்டிக்கங்க."

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். "என்னங்க நஞ்சப்பன், கார்புரேட்டருக்குத் தாலி தெரியுமா?" என்று கிண்டல் பண்ணினேன்.

கிண்டல் பண்ணிக்கொண்டே கட்டினேன்.

அடுத்த செவ்வாய் அக்கா காரைச் சுற்றி வரும்போது அந்தக் கயிற்றைப் பார்த்தாள். "இது எதுக்குத் தம்பி?"

"சும்மா... அழகுக்கு."

ஏறினாள். பையை மாட்டினாள். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. சீட்டு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டி நின்றுவிடக்கூடாதே என்று அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி. நான் ரோட்டைப் பார்த்தேனா, அந்தக் கைகளைப் பார்த்தேனா... தெரியவில்லை.

நின்றது.

புளியமர நிழல் ஒன்றில், ஓரமாக. எங்கள் தெருக்காரர் சின்னசாமி பால் கேன் கட்டிய வண்டியில் வந்தார். "என்னாங்ணா, நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"உள்ள யாரு?" குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஓ... காவேரியக்காவா."

ஒரே ஒரு "ஓ". நம் தமிழில் இருநூத்தி நாற்பத்தேழு எழுத்து. அதில் ஒரு எழுத்து போதும், ஒரு ஆளைக் காரிலிருந்து இறக்கிவிட.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். என்ன பார்வை பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. நம் முகத்தை நாமே எங்கே பார்க்கிறோம்? அக்கா பார்த்தாள்.

பையைக் கழற்றினாள். கதவைத் திறந்தாள். நல்ல காலை முதலில் ஊன்றி, மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பஸ்ல போய்க்கறேன். நீ வண்டியப் பாரு தம்பி."

சின்னசாமியும் இன்னும் இரண்டு பேரும் தள்ளினார்கள். வண்டி டுர்ரென்று பிடித்துக்கொண்டது. அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. நான் கூப்பிட்டு அது வரவில்லை. தானாக, சத்தமாக வந்தது.

"அப்பாடா!"

அக்கா பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள்.

"ஏறுக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். வண்டிதான் ஓடுகிறதே! சொல்லவில்லை. மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று... அட, எதற்கு மூடி மறைக்கிறேன்? அவள் ஏறினால் மறுபடி நின்றுவிடும் என்றுதான். "பஸ் வந்துரும்க்கா. நீ போ, நான் பின்னாலயே வர்றேன்" என்றேன்.

பின்னால் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக நஞ்சப்பன் ஷெட்டுக்குப் போனேன்.

இதே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். சகுனம், ராசி எல்லாம் பேதைமை என்று எத்தனை வாரம் எழுதியிருப்பேன்! புருஷன் செத்ததற்குப் பெண்டாட்டியைக் குற்றவாளி ஆக்குகிற கோர்ட்டு நம் தெருவில்தான் நடக்கிறது என்று ஒரு தடவை எழுதினேன். சபாஷ் என்று நீங்களே கடிதம் போட்டீர்கள். அந்தக் கடிதங்களை அக்காவிடம்தான் படித்துக் காட்டினேன். அவளும் "நல்லா எழுதியிருக்கடா" என்றாள்.

எழுதுகிற கை வேறு, ஸ்டியரிங் பிடிக்கிற கை வேறு போலிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணினேன். அக்கா எடுத்து, "இன்னிக்கு ஒடம்பு முடியல, நீ வர வேணாம்" என்றாள். செவ்வாயும் முடியவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் முடியவில்லை. நான் "வா" என்று ஒரு அழுத்தம் கொடுத்துச் சொல்லவில்லை. அவள் "வரேன்" என்று சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம் எனக்கு. சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த வீட்டம்மா சொன்னாள்: "காலு வீங்கிக் கெடக்குதுங்க. பாதி மடங்குனது இப்ப அதுவும் மடங்கல. தருமபுரியிலிருந்து பிசியோதெரபிப் பொண்ணு போன் பண்ணிக் கத்துதாம்."

டாக்டர் சொன்ன இரண்டு மூன்று மாசத்தில் ஒரு மாசம் கரைந்துவிட்டது. வாசலில் கார் பளபளவென்று நிற்கிறது. ஒரு காலை மடக்க வாங்கிய கார். அந்தக் கால் அடுத்த தெருவில் விறைத்துக் கிடக்கிறது. நான் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். துடைக்கிறேன். கெஞ்சுகிறேன். இப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் அனுபவித்ததே இல்லை.

போன வாரம் புதன்கிழமை, மகள் தக்காளி கேட்டாள் என்று மண்டியில் வாங்கிக்கொண்டு இண்டூருக்குப் புறப்பட்டேன். தனியாகத்தான். மஞ்சப்பை நிறையத் தக்காளி. பின் சீட்டில் வைத்தால் உருண்டு நசுங்கி ரசமாகிவிடும். ஒரு தடவை ஆகி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் முன்னால் மாட்டினேன்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர். இருமல். கறுப்புப் புகை. நின்றது.

வண்டியில் யார்? நான் ஒருத்தன். பெண்டாட்டி உயிரோடு, நல்ல சத்தத்தோடு இருக்கிறவன். பெண்ணுக்குச் சுமங்கலி என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு என்ன சொல்? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஆம்பளைக்கு அப்படி ஒரு சொல் தேவையே படவில்லை. ஏனென்றால் யாரும் குனிந்து பார்த்து "ஓ" சொல்லப் போவதில்லை.

அப்போதுதான் பார்த்தேன். பை எதில் தொங்குகிறது?

சோக்கில்.

கறுப்புக் குமிழ் ஒரு விரல் நீளம் வெளியே வந்து நிற்கிறது. அதன் கழுத்தில் பையின் காது. உள்ளே தள்ளிவிட்டு, பையை ஆட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. குமிழைப் பிடித்து நிறுத்துகிற பல் தேய்ந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் பை ஆடி ஆடி சோக்கை இழுத்திருக்கிறது. வண்டி பெட்ரோலைக் குடித்து விக்கி நின்றிருக்கிறது. நின்றதும் அக்கா பையோடு இறங்கிவிடுவாள். நான் பழக்க தோஷத்தில் இழு, ஸ்டார்ட், தள்ளு என்று குமிழை உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டம்மா பையை மடியை விட்டு இறக்கமாட்டாள். அதனால் அவள் ராசிக்காரி.

ஒரு டப்பா புளிசோறு. ஒரு பாட்டில் தண்ணீர். இதற்குத்தான் ஒரு பொம்பளையை மரத்தடியில் நிறுத்தினேன்.

ரோட்டோரத்திலேயே நின்று நஞ்சப்பனுக்குப் போன் பண்ணினேன். முழுக்கக் கேட்டார். பிறகு கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

"காரையாங்க திட்டறீங்க?"

"இல்லீங்க. என்னைய."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்களுக்குக் கார் தெரியவில்லை. அக்கா கோணல் என்றோம்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூல் மேல் நீட்டிவைத்து, கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் பையையே எடுத்து ஜன்னல் கொக்கியில் மாட்டி, ஆட்டி, நடித்துக் காட்டினேன். இருமலோடு.

அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எம் புளிசோறாடா? எம் புளிசோறா வண்டியை நிறுத்துச்சு?"

"ஆமாங்கறேன்! உன் ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாளைக்கு வெள்ளிக்கெழமை. எட்டு மணிக்கு வண்டியோட வர்றேன். பையை நான் மடியில வெச்சுக்கறேன், போதுமா?"

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒரு கொத்தவரங்காயை எடுத்து, நாரைப் பார்த்துக் கிள்ளினாள்.

"நாளைக்குப் போறேன் தம்பி. காலு மடங்கணுமில்ல. பஸ்ல போறேன்."

"அதான் கண்டுபுடிச்சாச்சே அக்கா!"

"காருக்கு என்னன்னு கண்டுபுடிச்ச. நல்லது." குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தேவலை. "ஊரு சொன்னது ஊரோட போயிடும்டா. பதினோரு வருசமா கேக்கறேன், பழகிப்போச்சு. நீ 'அப்பாடா'ன்ன பாரு... அது இந்த வூட்டுக்குள்ளாரயே ஒக்காந்துக்கிட்டு இருக்குது."

"அக்கா, அது..."

"தெரியாமத்தான் சொன்ன. தெரிஞ்சு சொல்லியிருந்தா நானே உன்கூட சண்டை புடிச்சிருப்பேனே."

"பஸ் படி ஒசரமாச்சேக்கா. எப்படி ஏறுவ?"

"ஒசரந்தான்" என்றாள். "ஆனா அது யாரு ஏறுனாலும் கெளம்புது."

ஊர்ப் பழமொழி எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவன் நான். ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கிட்டே போகவில்லை, காரில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்தாள். பையைத் தோளில் மாட்டி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல காலைத் தூக்கி அந்த முதல் படியில் வைத்தாள். உடம்பு ஒரு தடவை பின்னால் சாய்ந்தது. நான் கதவைத் திறந்துவிட்டேன். அதற்குள் கண்டக்டர் கை நீட்டிவிட்டார். அடுத்த கால். அடுத்த படி. ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியில் மஞ்சப்பையை மாட்டினாள். பை ஆடியது. பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னாலயே வர்றேன் என்று ஒருநாள் சொன்னேன் இல்லையா? அன்றைக்குப் போனேன்.

லாரிக்காரர் திட்டினார். போகட்டும். அந்தப் புளியமரத்தைத் தாண்டினோம். அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றது; நானும் நின்றேன். எதிரே பால் கேனோடு சின்னசாமி.

"என்னாங்ணா, வண்டி ஜம்முனு வருது!" குனிந்து காலி சீட்டைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா வரலீங்களா இன்னிக்கு?"

"பைங்க! அன்னிக்கு நின்னதுக்குப் பைதாங்க காரணம்!" என்று கத்தினேன்.

"எந்தப் பையன்?" என்றார் அவர்.

பஸ் கிளம்பிவிட்டது. நானும் கிளம்பினேன். ஜன்னலோரத்தில் அக்காவின் முழங்கை மட்டும் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் முள் பாதியில். எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அறுத்துப் போட்டுவிட்டேன். வெறும் கயிறு மட்டும் முன்னால் ஆடிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பெஞ்சு மாதிரி நீளமான சீட்டு, கால் நீட்ட எவ்வளவோ இடத்தோடு.

தருமபுரி போய்ச் சேருகிற வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.